வேன் ஏழரைக்கு வந்துவிடும். அதற்குள் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது?

களியக்காவிளை அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு களியக்காவிளையிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். நான் பாலராமபுரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எட்டு மணி பஸ்ஸை விட்டால் கடைக்குப் பிந்திவிடும். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர். நாலு மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனால், பால் எடுத்து ஷீட் அடித்துவிட்டு வர ஒன்பதரை ஆகும். காலையில் அடுப்படியில் நான் ஒருத்திதான். மாமியாருக்கு முட்டுவலி. உட்கார்ந்து செய்கிற வேலை எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் செய்து தருவார், நிற்க முடியாது.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் ஏழாம் வகுப்பு, இளையவன் இரண்டாம் வகுப்பு. பள்ளி வேன் ஏழரைக்கு முக்கில் வந்து நிற்கும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, நான் கடைக்குள் நுழைந்து பையை வைக்கும்போதே பள்ளியிலிருந்து போன். பிரேயரில் நின்ற மகன், கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று உட்கார்ந்துவிட்டானாம். டீச்சர் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்திருக்கிறார். "காலையில் என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார். நாலு பிஸ்கட்டும் அரை டம்ளர் சாயாவும். அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தோசை சாப்பிட்டான் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

அதற்குப் பிறகு பத்து நாள் நாலரைக்கு எழுந்து சமைத்தேன். ஒருநாள் இடியாப்பமும் முட்டைக்கறியும், ஒருநாள் ஆப்பமும் கடலைக்கறியும். ராத்திரி படுக்கப் பதினொன்று ஆகிறவளுக்கு அது எத்தனை நாளைக்கு ஓடும்? பதினோராம் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். மறுபடி பன், பிஸ்கட், நூடுல்ஸ் என்று பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தோம்.

எனக்குக் கிடைக்கிற நேரம் ஆறேகாலிலிருந்து ஏழு வரை. இரண்டு அடுப்பு உள்ள காஸ், மிக்ஸி, ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருக்கிறது. மீன், முட்டை எல்லாம் உண்டு. மகள் பசியே இல்லை என்கிறாள். மகன் ஒரு வாயைப் பத்து நிமிடம் மெல்லுகிறான். முக்குக் கடையில் கிடைக்கிற சாமானை வைத்துச் செய்கிற மாதிரி வழி சொல்லுங்கள்.


பாறசாலை நர்சிங் மாணவி:

அக்கா, பள்ளியில் படிக்கும்போது நானும் உங்கள் மகளைப் போலத்தான். காலையில் தட்டைப் பார்த்தாலே குமட்டும். எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு. பத்தாம் வகுப்பில் டியூஷன் நேரம் மாறியபோது ஏழரைக்கே சாப்பிட ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் காலை ஆறரைக்கு வயிறு தானாகவே கூப்பிட்டது. மகள் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, எழுந்ததும் சாயா கொடுப்பதை நிறுத்துங்கள். இருக்கிற பசியையும் அது அடக்கிவிடும். சாப்பாட்டோடு குடித்தால் பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் குறைக்கும். ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைக்கு அந்த இரும்புச்சத்து கட்டாயம் வேண்டும். சாயாவுக்குப் பதில் ஒரு கொய்யாத்துண்டோ, எலுமிச்சை பிழிந்த வெள்ளமோ கொடுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்து சேரத் துணை நிற்கும்.


அருமனை அம்மச்சி:

மக்ளே, பொய் சொன்னதை மனசில் போட்டு வருத்தாதே. நான் முப்பத்தொரு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பத்தரை மணிக்கே சமையல்கூட வாசலில் வந்து நிற்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். வெள்ளம் குடிக்க வந்தேன் என்பார்கள். சோறு வேகிற மணத்துக்குத்தான் வருகிறார்கள். காலையில் என்ன தின்றாய் என்று கேட்டால் சாயா என்பார்கள், பாதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் தரையைப் பார்ப்பார்கள். முந்திரி உடைக்கிற அண்டியாபீசுக்கும் ரப்பர் பால்வெட்டுக்கும் விடியுமுன்னே போகிற வீட்டுப் பிள்ளைகள். அந்தத் தாய்மார்களை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

2022 செப்டம்பரில் அரசு காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது நான் வேலையை விட்டு வந்திருந்தேன். டிவியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உண்பதைப் பார்த்து அழுதேன். அதன் கணக்கை உனக்குச் சொல்கிறேன், கவனி. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாள்தோறும் மாறும். ஆனால் கூடவே காய்கறி போட்ட சாம்பார் உண்டு. ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். மாவு தனியாக வரக்கூடாது, பருப்போ பயறோ முட்டையோ கூட வரவேண்டும் என்பதுதான் இதில் விஷயம். பிஸ்கட்டும் பன்னும் மாவும் சீனியும்தான். வயிற்றில் போனதும் தெம்பு வரும், சீக்கிரமே இறங்கிவிடும். உன் மகனுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். ஆனாலும் இன்னொரு தடவை அப்படி வந்தால் டாக்டரிடம் காட்டி இரத்தத்தைப் பார்த்துவிடு, தள்ளிப்போடாதே.

உனக்கு நான் சொல்வது புட்டும் சிறுபயறும். புதிதாக ஒன்றும் தேடாதே. காலை நேரம் போதாமல் போவது சமையலால் இல்லை. ஊறப்போடுவது, நனைப்பது, திருவுவது, உரிப்பது எல்லாவற்றையும் நாம் காலையிலேயே கொண்டு வைத்திருக்கிறோம். அதையெல்லாம் முந்தின நாளுக்குத் தள்ளிவிட்டால் காலையில் மிச்சம் இருப்பது ஆவியும் தாளிப்பும் மட்டும்தான்.

நீ வேலைக்கு இறங்கும்போது பயறைக் கழுவி வெள்ளத்தில் போட்டுவிட்டுப் போ. வீட்டில் ஐந்து பேர் என்றால் 150 கிராம் போதும். சாயங்காலம் வந்ததும் உப்பும் மஞ்சள்பொடியும் போட்டுக் குக்கரில் இரண்டு விசில். ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வை. உள்ளியும் பூண்டும் உரித்து வைப்பது மாமியார் வேலை. தேங்காய் திருவுவதும் அவர்தான், திருவலக்குற்றியில் உட்கார்ந்துதானே செய்வது. காலையில் உள்ளி, பூண்டு, வற்றல்மிளகாயைச் சதைத்துத் தாளித்து, பயறைக் கொட்டி, நன்றாக ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரு பிடி தேங்காய்ப்பூ தூவினால் முடிந்தது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகாது. 100 கிராம் பச்சைப்பயறில் 22 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு 30 கிராம் பயறு கிடைத்தால் ஒரு முட்டை தின்றதற்குச் சமம்.

மாவையும் ராத்திரியே நனைத்துவிடலாம். வறுத்த சிவப்பரிசி மாவு இரண்டு கப்புக்கு உப்புவெள்ளம் ஏறக்குறைய ஒரு கப், மாவுக்கு மாவு மாறும். ஒரேயடியாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்துப் பிசறு. கையில் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடு.

மரச்சீனி, அதுதான் மரவள்ளிக்கிழங்கு, அவித்துக் கொடுக்கச் சொல்லி யாராவது வருவார்கள். விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்து திருவிதாங்கூரில் பரப்பிய கிழங்கு அது. பர்மா அரிசி வராமல் நின்ற யுத்தகாலத்தில் எங்கள் அம்மையும் அவள் கூடப்பிறந்தவர்களும் உயிர்பிழைத்தது அதைத் தின்றுதான். அதனால் மரச்சீனியை யாராவது இளப்பமாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது. ஆனால் அதில் புரதம் மிகவும் குறைவு. திறந்து வைத்து வேகவிட்டு, அந்த வெள்ளத்தை வடித்துக் களையவும் வேண்டும். பள்ளி நாளுக்கு அது ஆகாது. ஞாயிற்றுக்கிழமை சாளை மீன்கறியோடு வைத்துக்கொள்.


களியக்காவிளை அம்மா:

அம்மச்சி, படித்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நன்றி. இரண்டு சந்தேகம். ராத்திரி நனைத்த மாவு காலையில் கட்டி பிடித்துப் போகாதா? அப்புறம், மகனுக்குப் புட்டு தொண்டையில் அடைக்கிறது என்று ஒரு பிடிவாதம். குழலிலிருந்து தள்ளிய புட்டைப் பார்த்தாலே தட்டை நகர்த்திவிடுவான்.


அருமனை அம்மச்சி:

கட்டி பிடிக்கும். மிக்ஸியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சுற்று, பூப்போல ஆகிவிடும். தொடர்ந்து ஓட விடாதே, மாவு சூடாகி ஒட்டிக்கொள்ளும். காய்ந்த மாதிரி இருந்தால் கொஞ்சம் இளஞ்சூட்டு வெள்ளம் தெளி.

மகனுக்குச் சிரட்டைப் புட்டு செய்து கொடு. கண் உள்ள தேங்காய்ச் சிரட்டையை உள்ளும் புறமும் நன்றாகச் சுரண்டிக் கழுவி, கண்ணைத் துளைத்து, குக்கரின் ஆவிக்குழாய்மேல் கவிழாமல் உட்காருகிற மாதிரி வை. ஸ்டீலிலும் அந்த வடிவத்தில் விற்கிறார்கள், அதில் வழுக்காது. மூன்று நாலு நிமிடத்தில் ஒரு புட்டு வெந்துவிடும். சின்னதாக, உருண்டையாக, அவனுக்கென்று ஒன்று தட்டில் விழும். அடியில் தேங்காய், நடுவில் தேங்காய், மேலேயும் தேங்காய் போடு. தேங்காயைக் குறைப்பதுதான் தொண்டையில் அடைக்கக் காரணம். பயறைக் குழைய விட்டு, கொஞ்சம் சாறோடு ஊற்றிப் பிசைந்து கொடு. பயறு வேண்டாம் என்று அழுகிற நாளில் மட்டி வாழைப்பழம் இரண்டு பிசைந்து கொடுத்துவிட்டு, ஒரு அவித்த முட்டையைக் கையில் கொடு. பிறந்த ஆறேழு மாதத்தில் நாம் பிள்ளைகளுக்கு முதலில் ஊட்டுகிற பழம், அதை வேண்டாம் என்று சொல்லமாட்டான். நம் மட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது தெரியுமா? முக்குக் கடையில் கேட்டு வாங்கு.


கம்பம் பக்கத்திலிருந்து ஒருத்தி:

நான் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவள். ஜீப் காலை ஆறு மணிக்கு, கம்பம்மெட்டு ஏறிக் கேரளாவுக்குள் போகணும். என் பிள்ளைகள் எட்டே காலுக்குத்தான் பள்ளிக்குக் கிளம்பும். அதனால் அதுகளே எடுத்துச் சாப்பிடணும், நான் இல்லாத வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. அக்காவுக்கு இருக்கிற முக்கால் மணி நேரம் எனக்கு இல்லை.

நான் செய்வது கேழ்வரகுக் கூழ். முந்தின நாள் காலையிலேயே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவேன். ராத்திரி நொய்யை வேகவைத்து அதில் கரைத்த மாவை ஊற்றிக் கிண்டினால் இருபது நிமிடம். ஆறவிட்டு மூடி வைத்தால் காலையில் கெட்டியாக இருக்கும். மோரும் உப்பும் போட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு பிள்ளைகள் குடித்துவிட்டுப் போகும். மெல்ல வேண்டியதில்லை, நேரமாகிறது என்று பாதியில் வைத்துவிட்டு ஓட முடியாது. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது என்று அங்கன்வாடியில் சார்ட்டில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அரிசியில் அதெல்லாம் பேருக்குத்தான். கூட ஒரு கைப்பிடி வறுத்த கடலையை டப்பாவில் போட்டுவைப்பேன், அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவான் மகன்.

மழைநாளில் குடிக்க மாட்டார்கள், குளிர்கிறது என்பார்கள். அன்றைக்கு நாலரைக்கு எழுந்து முருங்கைக்கீரை போட்டுக் கேழ்வரகு அடை தட்டி, துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போவேன். எட்டு மணிக்கும் மெத்தென்று இருக்கும். காலையில் பிள்ளைகள் சாப்பிடுவதை என் கண்ணால் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அக்கா, நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக் கொடுக்கிறீர்கள். அதுவே பெரிது.


கொழிஞ்சாம்பாறை அப்பா:

வணக்கங்க. என் மனைவி நர்ஸ், மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் நைட் டியூட்டி. அந்த நாட்களில் இரண்டு பையன்களையும் கிளப்பி அனுப்புவது நான். அம்மச்சி சொன்னதைத்தான் நானும் கொஞ்சம் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் தோசைமாவு ஞாயிறும் புதனும் அரைக்கிறோம். எங்கள் பக்கம் நிலக்கடலை நன்றாக விளையும். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கடலையை வறுத்துத் தோல் புடைத்து டப்பாவில் போட்டுவிடுவேன். காலையில் ஒரு பெரிய கைப்பிடி கடலை, இரண்டு வற்றல் மிளகாய், துளி புளி, உப்பு, வெந்நீர். மிக்ஸியில் ஒரு நிமிடம், தாளிப்பே வேண்டாம். தேங்காய்ச் சட்னியைவிட இதில் புரதம் எவ்வளவோ அதிகம். தோசைமேல் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, துருவின கேரட்டும் மிளகுத்தூளும் தூவித் திருப்பிப் போட்டால் ஒரு பையனுக்கு ஒன்றரைத் தோசையில் வயிறு நிறைந்துவிடும்.

எங்களுக்கு ராமசேரி பக்கம்தான். அந்த ஊர் இட்லி தட்டையாக, தோசையும் இட்லியும் கலந்த மாதிரி இருக்கும், மண்பானை வாயில் நூல் வலை கட்டித் துணி போட்டு வேகவைப்பார்கள். மறுநாளும் கெடாமல் இருக்கிறது என்பதால் சனிக்கிழமை அந்த வழியாகப் போனால் வாங்கிவந்து, திங்கட்கிழமைக் காலைக்கு வைக்காமல் ஞாயிற்றுக்கிழமையே பொடியோடு தீர்த்துவிடுவோம். அது சரி, சொல்ல வந்தது வேறு. உங்கள் மகள் ஏழாம் வகுப்புதானே? முட்டைத் தோசையை அவளே ஊற்றட்டும். என் பெரியவன் ஆறாவதில் ஆரம்பித்தான். தான் ஊற்றினதை யாரும் சொல்லாமலே சாப்பிடுவான், தம்பி தட்டில் எத்தனை விழுந்தது என்று கணக்கும் பார்ப்பான். முதல் பத்து நாள் பக்கத்திலேயே நின்றேன். இப்போது நான் சட்டை இஸ்திரி போடப் போய்விடுகிறேன்.

முட்டை அவிக்கத் தனி அடுப்பு வேண்டாங்க. இட்லி வேகும்போது அடித்தண்ணீரில் கழுவின முட்டைகளைப் போட்டுவிடுங்கள், இரண்டும் சேர்ந்து இறங்கும்.


களியக்காவிளை அம்மா:

மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் ராத்திரிச் சாப்பாட்டைத்தான் மாற்றினோம். ஒன்பதரைக்கு இருந்ததை எட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்கு முன்னால் கொண்டுவர என்னால் முடியவில்லை, பஸ் இறங்கவே ஏழு ஆகிறது. சாயாவை நிறுத்திய முதல் நாலு நாள் வீட்டில் ஒரே சண்டை. இப்போது மகள் எழுந்து வந்து, இன்று என்ன என்று கேட்கிறாள். பாறசாலைத் தங்கச்சிக்கு அவள் சார்பில் நன்றி.

திங்களும் வியாழனும் புட்டு. மாமியார் முந்தின நாள் மத்தியானமே தேங்காய் திருவி, உள்ளி உரித்து, இரண்டு சின்ன டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறார். "இத்தனை நாள் சும்மா இருந்தேன், இதைக் கேட்கக்கூடாதா?" என்று என்னிடம் வருத்தப்பட்டார். கேட்டிருக்க வேண்டும், வயசானவரிடம் வேலை சொல்லத் தயங்கிவிட்டேன். முதல் நாள் மாவில் வெள்ளம் கூடி, புட்டு களியாகிவிட்டது. இரண்டாம் தடவை அம்மச்சி சொன்னபடி தெளித்துத் தெளித்துப் பிசறினேன், உதிர்ந்தது. ஸ்டீல் சிரட்டை மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் கிடைத்தது. மகன் அதில் அவனே மாவை அள்ளிப் போட்டு, தேங்காயை மூன்று இடத்தில் வைக்கிறான். அடுப்பில் வைப்பது நான். பயறோடு ஒரு புட்டு முழுதாக உள்ளே போகிறது, சில நாள் இன்னொரு பாதியும்.

செவ்வாயும் வெள்ளியும் முட்டைத் தோசையும் கடலைச் சட்னியும், ஊற்றுவது மகள். கூழை மகளும் மாமியாரும் விரும்பிக் குடித்தார்கள். மகன் இரண்டு வாய்க்கு மேல் குடிக்கவில்லை, அதனால் புதன்கிழமை அவனுக்கு மட்டும் பழங்கஞ்சியில் தயிர் ஊற்றிப் பிசைந்து, ஒரு அவித்த முட்டை. கம்பம் தங்கச்சி, நீங்கள் எழுதியதை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவரும் பிள்ளைகள் காலையில் சாப்பிடுவதைப் பார்க்காதவர்தான். போன சனிக்கிழமை மழை, பால்வெட்டு இல்லை. அன்றைக்குப் பள்ளி உண்டு. தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மகன் கடைசி வாய் வாங்கும்வரை எழுந்திருக்கவே இல்லை.

எழுகிற நேரம் ஐந்தே முக்கால். ஏழு மணிக்குள் அடுப்பு அணைந்துவிடுகிறது. இரண்டு நாள் மட்டும் முடியாமல் பன் கொடுத்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்த இரண்டு நாளும் கூட ஒரு முட்டை கொடுத்தேன்.

நேற்று பள்ளியில் பெற்றோர் கூட்டம். அந்த டீச்சர் தனியாக நின்றபோது போய், அன்றைக்குத் தோசை என்று சொன்னது பொய், பிஸ்கட்தான் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மகளையும் தினமும் பிரெட்டோடுதான் அனுப்புவதாகச் சொன்னார். இப்போது என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மாவை ராத்திரியே நனைத்தால் கட்டி பிடிக்காதா என்றார்.